கத்ரீனா நடந்த தெருக்களில் மூன்று மணி நேரம்: நியூ ஆர்லியன்ஸ் வேன் பயணம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 2005 ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி புரட்டிப்போட்ட இடங்களை அழைத்துச் சென்று காட்டும் பயணங்கள் சில நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றில், 2022 மார்ச் மாதத்தில் ஒரு காலைப் பொழுதில், மற்ற ஒன்பது பேருடன் நானும் சென்று வந்தேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. குறைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும், எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்பதும் அதற்குக் காரணங்கள். கட்டணம் ஒருவருக்கு அறுபது டாலருக்குச் சற்று மேல். டிப்ஸ் தனி. காலை ஒன்பது மணிக்குப் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் ஓரத்தில் ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டரை மணிக்கு அதே இடத்தில் இறக்கிவிட்டார்கள். மூன்று மணி நேரம் என்று விளம்பரத்தில் இருந்தாலும் மூன்றரை மணி நேரம் ஆனது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

முன்பதிவு செய்வதற்கு முன் எனக்குப் பெரிய தயக்கம் இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்துபோன ஒரு பேரிடரை வேன் சன்னல் வழியாகப் பார்ப்பதற்குக் காசு கொடுப்பது எந்த வகையில் சரி என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. தங்கள் இடிந்த வீடுகளின் முன்னால் பெரிய சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்பதை வெள்ளத்தில் மூழ்கிய லோயர் நயன்த் வார்டு என்ற குடியிருப்புப் பகுதியின் மக்கள் எதிர்த்ததால், அத்தகைய பேருந்துகள் இண்டஸ்ட்ரியல் கால்வாயைத் தாண்டி அந்தப் பகுதிக்குள் செல்ல நகர நிர்வாகம் தடை விதித்தது. அதனால்தான் இந்த நிறுவனம் சிறிய வேனை ஓட்டுகிறது. வழிகாட்டி அந்த வார்டிலேயே பிறந்து வளர்ந்தவர், புயலின்போது அங்கேயே மாட்டிக்கொண்டவர் என்று குறிப்பில் இருந்ததைப் படித்த பிறகே பணம் செலுத்தினேன்.

முதல் முக்கால் மணி நேரம் ஏமாற்றமாகவே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வேன் புறப்பட்டதும், நிறுவனம் தயாரித்து வைத்திருக்கும் ஒலிப்பதிவு ஒன்று ஓடத் தொடங்கியது: காற்று ஊளையிடும் ஓசை, பின்னணியில் முரசு, இடையிடையே ஹெலிகாப்டர் சத்தம், இவற்றுக்கு மேல் திரைப்பட முன்னோட்டங்களில் கேட்பது போன்ற ஓர் ஆண் குரல். கடைசி வரிசையில் என் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி இருந்ததால் எனக்கு அது இரட்டிப்புத் தண்டனையாகிவிட்டது. வழிகாட்டி முன் இருக்கையில் பேசாமல் அமர்ந்திருந்தார். ஹெலிகாப்டர் ஓசை இரண்டாம் முறை வந்தபோது அவருடைய கை மெதுவாக நீண்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை இடப்பக்கமாகத் திருப்பியது. முழுவதும் அணைக்கவில்லை, வண்டியின் இரைச்சலில் அந்தக் குரல் மூழ்கிப்போகும் அளவுக்குக் குறைத்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, ‘பேபி, இது எல்லாம் ஸ்டூடியோவில் செய்தது’ என்றார். அந்த ஊரில் கடைக்காரர் முதல் கிழவிகள் வரை முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பயணம் உண்மையில் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

முதலில் நின்ற இடம், நகரின் வடமேற்கில் லேக்வியூ பகுதியில் உள்ள பதினேழாம் தெருக் கால்வாய். இங்கே அவர் ஆசிரியராகிவிட்டார். புயல் 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலை ஆறு மணியைத் தாண்டிய சில நிமிடங்களில் லூசியானாவின் பூராஸ் அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள் வளைகுடாவில் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயலாக இருந்தது, கரையேறும்போது மூன்றாம் வகையாகத் தணிந்திருந்தது. ஆகவே காற்று ஓய்ந்ததும் நகரம் தப்பித்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள் என்றார். நகரத்தின் எண்பது விழுக்காட்டை மூழ்கடித்தது, புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர் நகருக்கு வடக்கே உள்ள ஏரிக்குள்ளும் கால்வாய்களுக்குள்ளும் ஏறியபோது உடைந்த கரைகளும் சுவர்களும்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைப்பு ஏற்பட்டது. பதினேழாம் தெருவில் நீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை; சுவரைத் தாங்குவதற்காக மண்ணுக்குள் இறக்கப்பட்டிருந்த எஃகுத் தகடுகள் போதுமான ஆழத்துக்குச் செல்லாததாலும், அடியில் இருந்த மண் பலமற்றதாக இருந்ததாலும், சுவர் அப்படியே வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டது. வடிவமைப்பில் பிழை இருந்ததை, அந்தச் சுவர்களைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2006 ஜூன் மாதத்தில் ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லிவிட்டு, ‘இயற்கைப் பேரிடர்’ என்ற சொல்லை வேனுக்குள் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் பயண முடிவில் ஒருவர் வாய்தவறி அப்படிச் சொன்னபோது அவர் உடனே திருத்தினார்.

இந்தப் பகுதி பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும்; மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளம். லண்டன் அவென்யூ கால்வாய் உடைந்த இடத்தில், வெள்ளம் வடிந்தபின் ஒரு வீட்டின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சன்னல் வழியாகப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். புரண்டு கிடக்கும் நாற்காலிகள், சுவரில் படிந்த சேறு. அதற்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். எனக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டது. அனுமதி இலவசம் என்பதால் மறுநாள் நானே நகரப் பேருந்தில் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

இண்டஸ்ட்ரியல் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து லோயர் நயன்த் வார்டுக்குள் நுழைந்ததும் வழிகாட்டியின் குரல் மாறியது. தெருவுக்குத் தெரு புல்வெளிகள். சில மனைகளின் முன்னால் மூன்று படிக்கட்டுகள் மட்டும் நிற்கின்றன. ஏறினால் சென்று சேர வீடு இல்லை. 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,84,674 ஆக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2010 இல் 3,43,829 ஆகக் குறைந்ததை நான் முன்பே படித்திருந்தேன். அந்தப் படிக்கட்டுகளின் எதிரில் நின்றபோது அந்த எண்களில் யார் யார் குறைந்தார்கள் என்பது தெரிந்தது. சில வீடுகளின் கூரைகளில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். அவை ஐடா புயலின் எச்சம். அதுவும் 2021 இல் இதே ஆகஸ்ட் 29 அன்றுதான் கரையைக் கடந்தது. 14 பில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய தடுப்புகள் அன்று தாங்கின, மின்சாரம்தான் நகரம் முழுவதும் போனது.

அவருடைய கதையை நான் இங்கு முழுவதும் சொல்லப்போவதில்லை. அது அவருடைய பிழைப்பும்கூட. ஆனால் அவர் அதை எப்படிச் சொன்னார் என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுத முடியாது. மேயர் கட்டாய வெளியேற்ற ஆணையை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறப்பித்தார். வழிகாட்டியிடமும் அவருடைய தாயாரிடமும் கார் இல்லை. மாதக் கடைசி என்பதால் கையில் பணமும் இல்லை. தாயாரின் ஓய்வூதியம் முதல் தேதிக்குத்தான் வரும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் கால்வாய்ச் சுவர் உடைந்து, தண்ணீர் சமையலறைக்குள் வந்து, மின்விளக்கின் உயரத்தை எட்டுவதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை என்றார். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில் உள்ள பரணில் ஏறினார்கள். அங்கே ஒரு கோடரி இருந்தது. 1965 இல் பெட்சி புயலின்போது இதே வார்டு மூழ்கி, பரணில் ஏறியவர்கள் வெளியேற வழியின்றி மாண்டதிலிருந்து, அங்கே பல வீடுகளில் பரணில் ஒரு கோடரி வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அவருடைய தாயாரும் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் அவர் வேனை நிறுத்தச் சொல்லி, எங்களை இறக்கி, ஒரு பயணியிடமிருந்து மடக்குக் குடையை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, ஏறக்குறைய மண்டியிட்ட நிலையில், குடையைப் பிடியில் பிடிக்காமல் முனைக்கு அருகே கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். பரணில் நிமிர இடம் இல்லை, கோடரியை ஓங்க இடம் இல்லை. ஆகவே வெட்ட முடியாது, தலைக்கு மேல் இடித்து இடித்துத்தான் பலகையைப் பிளக்க வேண்டும் என்று காட்டினார். கூரை ஓடுகளை இறுக்கிய ஆணிகளின் கூர்முனைகள் எல்லாம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இடிக்கும் தலை மேலே போகும், ஆணி கீறும். தம் உச்சந்தலையைக் காட்டவில்லை, தொட்டு மட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு குடையை மடக்கி, துடைத்து, உரியவரிடம் கொடுத்துவிட்டு, ‘நன்றி, பேபி’ என்றார். அருங்காட்சியகங்களில் நான் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பொருள்களில் ஒன்றுகூட அந்தக் குடையைப் போல எனக்கு எதையும் விளக்கியதில்லை.

அதன்பின் கதையில் மீட்பு வரும் என்று பயணிகள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் அதை மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார்: சாயங்காலம் தெருவின் மறுகோடியில் வசித்த ஒருவர் தம் மீன்பிடிப் படகில் வந்தார், நாங்கள் ஏறினோம், செயின்ட் கிளாட் பாலத்தில் இறக்கிவிட்டார். எங்களில் ஒரு பெண்மணிக்கு இது போதவில்லை. ஹெலிகாப்டர் வரவில்லையா என்று கேட்டார். தலைக்கு மேல் பல பறந்தன, கடலோரக் காவல்படையின் செம்மஞ்சள் நிற ஹெலிகாப்டர்கள் அன்று பிற்பகலிலேயே ஆட்களைத் தூக்கத் தொடங்கிவிட்டன, எங்களைவிட மோசமான நிலையில் இருந்தவர்களிடம் சென்றன என்று பதில் சொன்னார். அந்தப் படை மட்டும் 33,000 பேருக்கு மேல் மீட்டது என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் நன்றி தெரிந்தது. மாநில வனவிலங்கு மீன்வளத் துறையின் படகுகளும், அழைப்பின்றித் தாமாக இழுத்து வரப்பட்ட தனியார் படகுகளும் செய்ததை அதைவிட நீளமாகப் பேசினார்.

ஆனால் அவர் கதையில் பெரும்பகுதி படகில் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. இதுதான் இந்தப் பயணத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது என்று நினைக்கிறேன். பாலத்தில் ஓர் இரவு. பிறகு ஒரு லாரியில் சூப்பர்டோம் விளையாட்டரங்கம். அங்கே காற்று கூரையின் ஒரு பகுதியைக் கிழித்திருந்தது, மின்சாரம் இல்லை, கழிவறைகள் நிரம்பி வழிந்தன, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைந்திருந்தார்கள். வேறு பலர் பத்தாம் எண் நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் வெயிலில் இறக்கிவிடப்பட்டு அங்கேயே நாள்கணக்கில் கிடந்தார்கள். நகரின் மாநாட்டு மையத்தில் குவிந்தவர்களுக்கு உணவோ தண்ணீரோ ஏற்பாடு செய்யப்படவே இல்லை. கூரையிலிருந்து இறங்கியவுடன் காப்பாற்றப்பட்டுவிட்டோம் என்று தாயாரிடம் சொன்னதாகவும், அடுத்த நான்கு நாள்களில் தாயார் அதைத் திருப்பித் திருப்பி அவரிடமே கேட்டதாகவும் சொன்னார்: ‘இதுதானா?’ கூரையில் இருந்த பத்து மணி நேரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். அரங்கத்தில் இருந்த நான்கு நாள்களுக்கு, பாலத்திலிருந்து சூப்பர்டோம் வாசல் வரையிலான முழுப் பயணமும் ஆனது, இடையில் நெரிசலில் வேன் நின்றபோதும் அவர் நிறுத்தவில்லை.

அரங்கத்துக்குள் கொலைகளும் அதைவிடக் கொடியவையும் நடந்ததாக அன்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. பின்னர் விசாரித்தபோது அவற்றில் பெரும்பாலானவை வெறும் வதந்திகள் என்று தெரிந்தது. இந்த இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. நான் பார்த்த மூன்றரை மணி நேரத்தில் கோபம் வந்த ஒரே இடம் இது. அந்த வதந்திகளை நம்பியதால் மீட்க வந்தவர்கள் தயங்கினார்கள், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தார்கள் என்றார். படைகளுக்குத் தலைமையேற்று வந்த ஜெனரல் ரசல் ஓனரே, தம் வீரர்களைப் பார்த்துத் துப்பாக்கிகளைக் கீழே தாழ்த்தச் சொன்னதை அவர் நேரில் பார்க்கவில்லை, பின்னால் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். இருந்தாலும் அந்த ஜெனரலின் பெயரைச் சொல்லும்போது தொப்பியைத் தொட்டார். தங்களை ‘அகதிகள்’ என்று சொன்ன செய்தியாளர்களையும் மன்னிக்கவில்லை. சொந்த நாட்டில், வரி கட்டும் ஊரில், எங்கிருந்து எங்கே அகதி என்று கேட்டார். பேருந்து வந்து ஏறியபோது எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. பல மைல் போன பிறகே ஹூஸ்டன் என்று தெரிந்ததாம். தாயார் ஹூஸ்டனிலேயே தங்கிவிட்டார். அவர்களுடைய நாய்க்குப் பேருந்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாயைப் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006 இல் தனிச் சட்டமே வந்தது.

குறைகளுக்குத் திரும்புகிறேன். ஒலிப்பதிவை நிறுவனம் தூக்கி எறிய வேண்டும்; நேரில் பட்டவர் ஒருவரை முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு முரசு அடிப்பது அபத்தம். கடைசி வரிசையில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. கழிவறைக்கென ஒரே ஒரு நிறுத்தம்தான், அதுவும் முதல் மணி நேரத்திலேயே. புகைப்படம் பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாதது இன்னும் பெரிய குறை: ஒரு பயணி, வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரை நோக்கிக் கைப்பேசியை நீட்டினார், வழிகாட்டி தம் உடம்பால் மறைத்தபடி அந்த முதியவரிடம் சென்று நலம் விசாரித்தார். சில வீடுகளின் முகப்பில் அன்று தேடுதல் குழுவினர் தெளித்த பெருக்கல் குறி இன்னும் அழியாமல் இருக்கிறது. இடப்பக்கம் எந்தக் குழு, மேலே எந்த நாள், வலப்பக்கம் என்ன ஆபத்து, கீழே உள்ளே எத்தனை பேர். கீழே பூச்சியம் இருந்த ஒன்றை மட்டுமே அவர் படம் எடுக்க அனுமதித்தார். இந்த விதியை வேனில் ஏறும்போதே சொல்லியிருக்கலாம். எண்கள் விஷயத்திலும் ஒரு திருத்தம்: இறந்தவர்கள் 1,833 என்று அவர் சொன்னார், நீண்ட காலம் எல்லோரும் சொல்லிவந்த எண் அதுதான், அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் 2023 இல் மறு ஆய்வு செய்து அதை 1,392 என்று திருத்தியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முந்தைய நாளே ஜாக்சன் சதுக்கத்தில், பேராலயத்தை ஒட்டியுள்ள பிரெஸ்பிட்டேர் அருங்காட்சியகத்தின் கத்ரீனா காட்சியைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். 2010 இல் திறக்கப்பட்ட அந்தக் காட்சியில், இதே லோயர் நயன்த் வார்டில் வாழ்ந்த இசைக்கலைஞர் ஃபேட்ஸ் டொமினோவின் சிதைந்த பியானோ இருக்கிறது. அவர் இறந்துவிட்டதாக நம்பி யாரோ அவர் வீட்டுச் சுவரில் இரங்கல் எழுதிவிட்டுப் போக, அவர் உயிரோடு மீட்கப்பட்டிருந்தார். நகரத்தை விட்டு நகராத ஒருவர் தம் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் பேனாவால் நாள்தோறும் எழுதிய குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு வேனில் ஏறினால், வழிகாட்டியிடம் கேட்க நல்ல கேள்விகள் கையில் இருக்கும். எங்கள் வேனில் இருந்தவர்கள் கேட்ட கேள்விகள் சராசரிக்கும் கீழே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர் என்பதால் எவ்வளவோ கிடைக்காமல் போயிருக்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். பார்க்கக்கூடாத காட்சி எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்பது அதிகம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். வழிகாட்டிக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன். முன்பதிவு செய்யும்போது அந்த வார்டைச் சேர்ந்தவர்தான் வேண்டும் என்று குறிப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், சிறிது முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆகஸ்ட் 29 ஆம் தேதிக்கு மட்டும் கேட்காதீர்கள். அன்று கூட்டம் அதிகம், கூடுதல் வேன்களும் ஓடுகின்றன. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹூஸ்டன் போய்விடுகிறார், உங்களுக்கு வேறொருவர்தான் வருவார்.